டைகாண்டரோகாவில் நிற்கும் எண்டர்பிரைஸ்: ஒரு சிறு ரசிகையை அழைத்துப் போகலாமா?

தனக்குப் பிடித்த தொலைக்காட்சித் தொடருக்குள் தானும் ஒரு பாத்திரமாக வந்துவிட வேண்டும் என்ற ஆசை பத்துப் பன்னிரண்டு வயதில் பல பிள்ளைகளுக்கு வருவதுதான். அந்தத் தொடர் விண்வெளிக் கதையாக இருந்துவிட்டால் ஆசை இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. ஏனென்றால் அங்கே கதாநாயகனைத் தவிர இன்னும் எத்தனையோ பேருக்கு வேலை இருக்கிறது. கப்பலில் யாராவது ஒருவர் விசையைத் தள்ள வேண்டும், யாராவது ஒருவர் வரும் செய்தியைக் கேட்டுச் சொல்ல வேண்டும், அந்த ஒருவர் ஏன் நானாக இருக்கக் கூடாது என்று பிள்ளை கேட்கும்போது நம்மிடம் நல்ல பதில் இருப்பதில்லை. என் அக்கா மகளுக்கு ‘ஸ்டார் ட்ரெக்’ மீது, அதிலும் எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தில் நடக்கும், 1966இல் தொடங்கிய முதல் தொடர் மீது, இப்படியோர் ஆசை. அவளை அழைத்துக்கொண்டு நியூயார்க் மாநிலத்தின் டைகாண்டரோகா ஊரில் உள்ள ‘ஸ்டார் ட்ரெக் ஒரிஜினல் சீரீஸ் செட் டூர்’ என்ற இடத்துக்குப் போய்வந்தேன். அந்த ஆசைக்கு அந்த இடம் எந்த அளவுக்கு ஈடுகொடுக்கிறது என்பதைப் பற்றியதே இந்த மதிப்புரை.

டைகாண்டரோகா, ஜார்ஜ் ஏரிக்கும் ஷாம்ப்ளெய்ன் ஏரிக்கும் இடையில் உள்ள சிற்றூர். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கத்தில், 1775 மே 10 அன்று, பிரிட்டிஷ் படையிடமிருந்து கைப்பற்றப்பட்ட கோட்டைதான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது; இன்றும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலானோர் அந்தக் கோட்டையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நாம் பார்க்க வேண்டிய இடமோ மாண்ட்காம் தெருவில், முன்பு மலிவு விலைக் கடை ஒன்று நடந்த கட்டடத்துக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கடைத்தெருவின் சாதாரணக் கட்டடம்தான். உள்ளே ஒரு விண்கலத்தின் அறைகள் வரிசையாக இருக்கின்றன என்று சொன்னால் நம்புவது கடினம்.

இங்கே இருப்பவை அன்றைய படப்பிடிப்பில் பயன்பட்ட அரங்குகள் அல்ல என்பதைப் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஹாலிவுட்டின் டெசிலு ஸ்டூடியோவில் நின்ற மூல அரங்குகள், 79 கதைகளோடு 1969இல் தொடர் நின்றுபோன பிறகு கலைக்கப்பட்டுவிட்டன. டைகாண்டரோகாவில் இருப்பவை, அந்த அரங்குகளின் வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அதே அளவில், அறைகள் அன்று அமைந்திருந்த அதே ஒழுங்கில் மறுபடியும் கட்டப்பட்டவை. பழம்பொருளைப் பார்க்கும் எண்ணத்தோடு போகிறவர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கப்பலில் தனக்கோர் இடம் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதுதான் பொருத்தமானது என்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மூலப் பலகையை எட்டி நின்றுதான் பார்க்க முடியும். இங்கே அந்தத் தாழ்வாரத்தில் நடந்தே போகலாம்.

இதைக் கட்டியவர் ஜேம்ஸ் காவ்லி. அவரும் இப்படி ஆசைப்பட்ட ஒரு ரசிகர்தான். எல்விஸ் பிரெஸ்லியைப் போல வேடமிட்டு மேடையில் பாடுவது அவருடைய தொழில். இளைஞராக இருந்தபோது, முதல் தொடருக்கு ஆடை வடிவமைத்த வில்லியம் வேர் தீஸிடம் அவர் உதவியாளராக இருந்தார். அந்தப் பழக்கத்தில் தீஸ் அவருக்கு மூல அரங்குகளின் வரைபடப் பிரதிகளைக் கொடுத்தார். அவற்றை வைத்துக்கொண்டு, மேடையில் பாடிச் சம்பாதித்த பணத்தைப் போட்டு, அரங்குகளை ஒவ்வொன்றாகக் கட்டி, நண்பர்களைச் சேர்த்து ‘நியூ வாயேஜஸ்’ என்ற பெயரில் ரசிகர் படங்களை எடுத்து, அவற்றில் கப்பலின் தலைவரான கேப்டன் கிர்க்காகத் தானே நடித்தார். முதல் படம் 2004இல் இணையத்தில் வெளியானது. மூலத் தொடரில் செக்காவ் பாத்திரத்தில் நடித்த வால்டர் கோனிக்கும், சூலுவாக நடித்த ஜார்ஜ் டகேயும் பின்னர் இந்தப் படங்களுக்கு வந்து தங்கள் பழைய பாத்திரங்களிலேயே நடித்துக் கொடுத்தார்கள். டகே நடித்த படம் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருதுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது. தொடரின் உரிமையாளரான சிபிஎஸ் நிறுவனத்தின் உரிமம் பெற்று, 2016இல் அதே அரங்குகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. எனவே நாம் பார்க்கப் போவது ஒரு நிறுவனம் வியாபாரத்துக்காகத் திட்டமிட்டுக் கட்டிய கேளிக்கைப் பூங்காவை அல்ல. தொடருக்குள் போக வழி கிடைக்காத ஒரு ரசிகர், அந்தத் தொடரைத் தன் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த உழைப்பை. உள்ளே ஒவ்வோர் அறையிலும் அது தெரிகிறது.

சுற்றுலா வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். எங்கள் குழுவுக்கு வந்த வழிகாட்டி மனப்பாடமாக ஒப்பிக்காமல், கூட்டத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று விசாரித்து, அதற்கேற்பப் பேசினார். தாழ்வாரத்தில் நிறுத்தி அவர் முதலில் காட்டியது சுவரின் நிறத்தை. சுவர்களுக்குப் பூசியிருப்பது வெறும் சாம்பல் நிறம். திரையில் நாம் பார்த்த ஊதாவும் பச்சையும் இளஞ்சிவப்பும் ஒளிப்பதிவாளர் ஜெரி ஃபின்னர்மன் விளக்குகளுக்கு முன்னால் வண்ணத் தாள்களைப் பொருத்தி உண்டாக்கியவை. அமெரிக்க வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரே தாழ்வாரத்தை விளக்கை மாற்றியே பல தாழ்வாரங்களாகக் காட்டியிருக்கிறார்கள். எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷன் இந்தத் தொடரை ஒளிபரப்பியபோது எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அந்த நிறங்களை அவற்றுக்குரிய இடத்திலேயே நின்று பார்த்தது எனக்குப் பெருமகிழ்ச்சியாக இருந்தது.

எந்திர அறையின் ஏற்பாடு இன்னும் நுட்பமானது. கம்பி வலைக்கு அப்பால் ஒளிரும் குழாய்கள் வெகுதூரம் நீண்டு போவதுபோலத் தெரிகின்றன. உண்மையில் அவை பின்னால் போகப்போக அளவில் சிறுத்துக்கொண்டே போகும்படி செய்யப்பட்டவை, ஆகவே சில அடி ஆழம்தான் இருக்கிறது. கலை இயக்குநர் மேட் ஜெஃப்ரீஸ் சிறிய ஸ்டூடியோவில் பெரிய கப்பலைக் காட்டக் கண்டுபிடித்த வழி இது. தாழ்வாரக் குழாய்களில் ‘ஜிஎன்டிஎன்’ என்று எழுதுவது அன்றைய கலைத்துறையினரின் வழக்கம்; ‘எங்கும் போகாது, எதுவும் செய்யாது’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. மருத்துவ அறைக்கு வந்ததும் வழிகாட்டி உப்புக் குடுவைகளின் கதையைச் சொன்னார். ஒரு கதையில் உணவு மேசையில் வைப்பதற்காக வித்தியாசமான வடிவில் உப்புக் குடுவைகளைத் தேடி வாங்கியிருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அவை உப்புக் குடுவைகள் என்றே புரியாது என்று தோன்றியதால், அவற்றை டாக்டர் மெக்காயின் கையில் மருத்துவக் கருவிகளாகக் கொடுத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால் பிள்ளைகளின் மயக்கம் கலைந்துவிடுமோ என்று தயங்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். தானாகத் திறந்த கதவுகளை மறைவில் நின்று ஆள்கள் இழுத்தார்கள் என்று கேட்டபோது என் அக்கா மகளின் முகம் மலர்ந்ததே தவிர வாடவில்லை. கதவு இழுப்பதும் அந்தக் கப்பலில் ஒரு வேலைதானே என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

அவள் வெகுநேரம் நின்றது டிரான்ஸ்போர்ட்டர் அறையில். ஆள்களை ஒளித்துகள்களாக மாற்றி இன்னொரு கிரகத்துக்கு அனுப்பும் அறை அது. வாராவாரம் இவ்வளவு பெரிய கப்பல் தரையிறங்குவதைப் படமாக்கப் பணம் போதாது என்பதால் பிறந்த யோசனை இது. மின்னும் துகள்களுக்காக அலுமினியப் பொடியை ஒளிக்கற்றையில் கொட்டி, கேமராவைத் தலைகீழாக வைத்து, மெதுவாக நகரும் காட்சியாகப் படமெடுத்தார்கள். எல்லாரும் அந்த வட்டத் தட்டுகளின் மேல் நின்று படம் எடுத்துக்கொள்ள, இவள் மட்டும் எதிரே இருந்த மேசையின் பின்னால் போய் நின்றாள். மேசையின் மேல் மூன்று தள்ளுவிசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தொடரில் அந்த விசைகளை ஒருவர் நிதானமாக மேலே தள்ளுவார், அப்போதுதான் தட்டில் நிற்பவர்கள் மறைவார்கள்.

“மாமா, எனக்குக் கேப்டன் நாற்காலி வேண்டாம். இங்க நிக்கிறவங்களுக்குக் கதையில பேரு இருக்குமா?”

நான் வழிகாட்டியிடம் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. கைல் என்ற அதிகாரி பல கதைகளில் அந்த மேசையில் நிற்பார் என்றும், வேறு சில கதைகளில் நிற்பவருக்குப் பெயரே சொல்லப்படுவதில்லை என்றும் அவர் விளக்கினார். பிறகு அவர் அவளிடம் சொன்ன செய்தி, அந்த நாளிலேயே அவளுக்கு மிகவும் பிடித்ததாக ஆனது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் முதன்முதலாக விண்வெளிக்குச் சென்ற மே ஜெமிசன், சிறுமியாக இருந்தபோது இந்தத் தொடரில் நிஷெல் நிக்கோல்ஸ் நடித்த தகவல் தொடர்பு அதிகாரி உஹூராவைப் பார்த்து ஆசை வளர்த்தவர். அவர் 1992இல் எண்டெவர் விண்கலத்தில் பறந்தார். அவர் இந்தத் தொடரின் ரசிகை என்பது ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற பிந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரின் நடிகரும் இயக்குநருமான லெவார் பர்ட்டனுக்குத் தெரியவர, 1993இல் தான் இயக்கிய கதையில் நடிக்கும்படி அழைத்தார். உண்மையான விண்வெளி வீரர் ஒருவர் ஸ்டார் ட்ரெக்கில் தோன்றியது அதுவே முதல் முறை. அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடம் டிரான்ஸ்போர்ட்டர் மேசையில் நிற்கும் அதிகாரி. என் அக்கா மகள் ஆசைப்பட்டதும் அதே வேலைக்குத்தான்.

இப்படித் தொடருக்குள் வந்து சேர்ந்த ரசிகர்கள் இன்னும் சிலர் உண்டு. தொடரை நிறுத்த வேண்டாம் என்று 1968இல் கடித இயக்கம் நடத்தி, மூன்றாம் பருவம் வரக் காரணமானவர்களில் ஒருவரான பீஜோ டிரிம்பிள், 1979இல் வெளியான முதல் திரைப்படத்தில் கப்பல் குழுவினர் எல்லாரும் கூடும் காட்சியில் மற்ற ரசிகர்களோடு துணை நடிகராக நின்றார். ஜோர்டானின் இன்றைய மன்னர் இரண்டாம் அப்துல்லா, இளவரசராக இருந்த 1996இல், ‘வாயேஜர்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் ஒரு காட்சியில் வசனம் இல்லாத வேடத்தில் வந்துபோனார். காவ்லிக்கும் 2009ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் சீருடை அணிந்த அதிகாரியாகப் பின்னணியில் நிற்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஓர் இளவரசரும் கூட வசனம் இல்லாமல் ஓரத்தில் நிற்கச் சம்மதித்தார் என்றால், இந்த ஆசையில் பெயர் புகழுக்குப் பெரிய பங்கில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கதையின்படி 430 பேர் வேலை செய்யும் கப்பலில் 431ஆவது ஆளாக ஓர் இடம் கிடைத்தால் போதும் என்பதுதான் அவர்களுடைய வேண்டுதல்.

சுற்றுலாவின் உச்சம் கட்டுப்பாட்டு அறை. வட்ட வடிவில் சுற்றிலும் பலகைகள், மிட்டாய்களைப் போன்ற வண்ணப் பொத்தான்கள், நடுவில் கேப்டனின் நாற்காலி. மூல அரங்கில் இந்த வட்டம் தனித்தனித் துண்டுகளாகச் செய்யப்பட்டு, கேமராவுக்கு வழி வேண்டும்போது ஒரு துண்டை இழுத்து விலக்கும்படி இருந்தது. வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். என் அக்கா மகளும் உட்கார்ந்தாள், ஆனால் தகவல் தொடர்பு அதிகாரியின் இருக்கையையே அவள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அணிந்திருந்தது அக்கா வீட்டிலேயே தைத்துக் கொடுத்த சிவப்புச் சட்டை. கழுத்துப் பட்டை மட்டும் கறுப்பு. அதைப் பார்த்ததும் வழிகாட்டி, கிர்க்கின் மேற்சட்டை துணியாக இருந்தபோது இளம்பச்சை என்றும், படச்சுருளில் விழும்போதுதான் அது பொன்னிறமாக மாறியது என்றும் சொன்னார். சட்டையைத் தைத்தது யார் என்றும் விசாரித்தார். வேடமிட்டு வரும் பிள்ளையை இங்கே யாரும் விளையாட்டாக நடத்துவதில்லை. இந்த இடத்தைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப்பெரிய பாராட்டு இதுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு முன் வேறொரு நகரத்தில் நடந்த ரசிகர் கூடுகை ஒன்றில், ‘தொடருக்குள் நீங்களும் தோன்றலாம்’ என்ற விளம்பரத்தை நம்பி அவளை ஒரு கடையில் நிறுத்தினோம். பச்சைத் துணிக்கு முன்னால் நிற்கச் சொல்லி, சில நொடிகளில் ஒரு படம் எடுத்து, அவள் முகத்தை மட்டும் வெட்டி, வளர்ந்த ஆளொருவரின் உடல் மேல் ஒட்டிக் கொடுத்தார்கள். அவள் ஆசையாகப் போட்டுக்கொண்டு போயிருந்த சட்டை அந்தப் படத்தில் இல்லவே இல்லை. வாங்கிய பணத்தைவிட, அவளை அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. படத்தில் முகம் தெரிந்தால் பிள்ளைக்குப் போதும் என்று நினைப்பவர்கள், அந்த ஆசையைச் சரியாகக் காது கொடுத்துக் கேட்டதில்லை. தரையில் கால் ஊன்ற வேண்டும், பக்கத்தில் சுவர் இருக்க வேண்டும், கைக்கு எட்டும் உயரத்தில் விசை இருக்க வேண்டும். டைகாண்டரோகாவில் அவை இருக்கின்றன.

எனினும் இது சுற்றிப் பார்க்கும் இடம் என்பதைப் பிள்ளையிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். வசனம் கொடுத்து நடிக்க வைப்பதில்லை, குழுவோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், தொடக் கூடாதவற்றைத் தொடக் கூடாது. கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் 2018 முதல் அவ்வப்போது இங்கே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து ரசிகர்களோடு பேசுகிறார். அந்த நாள்களில் கட்டணம் பல மடங்கு கூடுதல், கூட்டமும் அப்படியே. 1931இல் பிறந்த ஒருவரை அந்த நாற்காலியில் நேரில் காண்பது பெரியவர்களுக்கு வாழ்நாள் பேறாக இருக்கலாம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் சாதாரண நாளையே பரிந்துரைப்பேன், அப்போதுதான் வழிகாட்டிக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். திறந்திருக்கும் நாள்கள் பருவத்துக்கேற்ப மாறுவதால், இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. ஆல்பனி நகரிலிருந்து காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். நியூயார்க் நகரிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாளில் போய்த் திரும்ப முயலாமல் இரவு தங்கிக் கோட்டையையும் பார்த்து வரலாம். முதல் தொடரில் சில கதைகளையாவது பார்த்திராத பிள்ளைக்கு இந்த அறைகள் ஒன்றும் சொல்லாது. எட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் நின்று கேட்பதில் சோர்ந்துவிடக்கூடும்.

நடிக்கவும் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு வேறொரு வழி இருக்கிறது. சிபிஎஸ், பாரமவுண்ட் நிறுவனங்கள் 2016இல் ரசிகர் படங்களுக்கு விதிகளை வெளியிட்டன. ஒரு கதை 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது இரண்டு பகுதிகளாக மொத்தம் 30 நிமிடத்துக்கு மிகாமல் இருக்கலாம். தொடரின் பெயரைத் தலைப்பில் வைக்கக் கூடாது. ரசிகர் தயாரிப்பு என்று துணைத்தலைப்பில் சொல்ல வேண்டும். நடிப்பவர்கள் சம்பளம் வாங்காதவர்களாகவும், ஸ்டார் ட்ரெக் தொடர்களிலோ படங்களிலோ வேலை செய்திராதவர்களாகவும் இருக்க வேண்டும். பொதுமக்களிடம் திரட்டும் நிதி 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. வால்டர் கோனிக்கும் டகேயும் வந்து நடித்த முழுநீளப் படங்களைப் போன்றவற்றுக்கு இந்த விதிகளுக்குப் பிறகு இடமில்லை. பெரிய ரசிகர் குழுக்களுக்கு அது இழப்புதான். ஆனால் பள்ளித் தோழிகள் நாலு பேரை வைத்துக்கொண்டு வீட்டில் படமெடுக்க நினைக்கும் சிறுமிக்கு 15 நிமிடம் தாராளம், இந்த விதிகளில் எதுவும் அவளைத் தடுக்காது. என் அக்கா மகள் டிரான்ஸ்போர்ட்டர் மேசையின் நீள அகலத்தை வழிகாட்டியிடமே கேட்டுக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அதை அட்டையில் செய்வதா மரத்தில் செய்வதா என்பதில்தான் அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.